பாலியல் புகாரில் சிக்கிய ஆசிரியர் மறுபடி பாடம் நடத்தலாமா?

ஈசூன் கமலி | 3 மார்ச் 2025, இரவு 9.52

மாணவியிடம் தப்பாக நடந்துகொண்டதாக ஒருமுறை பேர் அடிபட்ட ஆசிரியர், அது எத்தனை வருஷத்துக்கு முந்தையதாக இருந்தாலும், வகுப்பறைப் பக்கமே வரக்கூடாது. இதில் பேச என்ன இருக்கிறது? ஆனால் இங்கே சிங்கப்பூரில் துணைப்பாட (டியூஷன்) நிலையங்களில் கேட்டால் "எல்லாம் விசாரிச்சாச்சு, பிரச்சினை இல்லை" என்கிறார்கள். யாரிடம் விசாரித்தார்கள், எதை வைத்து? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்பு மை | 3 மார்ச், இரவு 10.40

"பேர் அடிபட்ட" என்ற ஒரே பைக்குள் நாலு விதமான ஆளைப் போட்டுக் கட்டிவிட்டீர்கள் கமலி அக்கா. அவிழ்த்துப் பார்ப்போம்.

நீதிமன்றத்தில் குற்றம் உறுதியாகித் தண்டனை பெற்றவர் ஒருவர். காவல்துறை விசாரித்துக் கடும் எச்சரிக்கையோடு விட்டவர் இன்னொருவர். வழக்கே போகாமல் பள்ளியோ நிலையமோ உள்ளுக்குள் விசாரித்து நீக்கியவர் மூன்றாமவர். விசாரணை தொடங்கும் வாசனை வந்ததுமே ராஜினாமா கடிதத்தை நீட்டியவர் நாலாமவர்.

முதல் ஆளைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. பதிவு இருக்கிறது, கல்வி அமைச்சுக்குத் தெரியும், அரசாங்கப் பள்ளி அவருக்கு இனி இல்லை. எனக்குப் பயம் நாலாம் ஆள்தான். காகிதத்தில் அவர் பச்சைப் பிள்ளை. "சொந்தக் காரணங்களுக்காக விலகினார்" என்று ஒரு வரி, கூடவே முதல்வர் கையெழுத்துப் போட்ட நன்றிக் கடிதம்.

"வேலையில் வைக்கலாமா" என்பது பாதிக் கேள்விதான். வேலை போய்விடும். அடுத்த மாதம் ஆள் எந்த வாசலில் நிற்பார் என்பது மீதிப் பாதி.

சிவப்பு மை | 4 மார்ச், காலை 7.15

அந்த வாசல் எது? சிங்கப்பூரில் பெரும்பாலும் டியூஷன்தான். 2023 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி வீடுகள் துணைப்பாடத்துக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளி. 2018ல் 1.4 பில்லியன். இவ்வளவு பெரிய சந்தையில் ஒரு அனுபவமுள்ள ஆசிரியருக்கு வேலை கிடைக்க ஒரு வாரம் போதும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று பாருங்கள். 10 பேருக்கோ அதற்கு மேலோ பாடம் நடத்தும் இடம் கல்விச் சட்டத்தின்கீழ் கல்வி அமைச்சில் பதிவு செய்ய வேண்டும். அங்கே நடத்துபவர்களின் விவரம் அமைச்சுக்குப் போகும். 9 பேர் என்றால்? பதிவு வேண்டாம். பிள்ளையின் வீட்டுக்கே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நடத்தினால்? அதுவும் வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரே நேரத்தில் 3 பிள்ளைகளுக்கு மேல் வைக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அது எதிர்வீட்டுக்காரர் தூங்குவதற்காக எழுதியது. பிள்ளையை நினைத்து எழுதியதல்ல.

ஆள் எண்ணிக்கை குறையக் குறைய மேற்பார்வை குறைகிறது. ஆபத்தோ தனியாக இருக்கும்போதுதான் கூடுகிறது. கோடு தலைகீழாக விழுந்திருக்கிறது.

இதற்கு என் யோசனை: வீட்டு ஆசிரியரிடம், குற்றப் பதிவு இல்லை என்று காவல்துறை தரும் சான்றிதழை வாங்கிவரச் சொல்லுங்கள். 55 வெள்ளி. கொடுக்கத் தயங்குபவரை விட்டுவிடலாம்.

பழைய வாத்தி | 4 மார்ச், மதியம் 1.05

தம்பி, அந்த 55 வெள்ளிச் சான்றிதழ் உள்ளூர் வேலைக்கு வாங்க முடியாது. சிங்கப்பூர்க் குடிமகன் கேட்டால், எந்த வெளிநாட்டு அமைப்பு கேட்கிறது என்று காட்டச் சொல்வார்கள். குடியேறுவதற்கும் வெளிநாட்டு வேலைக்கும் உள்ளது அது. ஈசூன் மூன்றாம் மாடிக்குக் கணக்குப் பாடம் நடத்த அல்ல.

சிவப்பு மை | 4 மார்ச், மதியம் 1.30

சரிதான் அண்ணன், தப்பு என்னுடையது. மேலே உள்ள யோசனையை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, நிலைமை இன்னும் மோசம். இங்கிலாந்தில் வேலை கொடுப்பவர் போய்க் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது, பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை செய்யப்பட்டோர் பட்டியலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளோடு வேலை செய்பவருக்கென்று தனிச் சோதனை. இங்கே அமைச்சுப் பள்ளி, பதிவுபெற்ற நிலையம், பாலர் பள்ளி ஆகியவற்றுக்கு அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. மற்றவர் போய்த் தேட பாலியல் குற்றவாளிகளின் பொதுப் பதிவேடு எதுவும் கிடையாது.

தெம்பனீஸ் ராஜன் | 4 மார்ச், இரவு 8.20

பொதுப் பதிவேடு வைத்தால் தீர்ந்தது. படத்தோடு போடட்டும்.

சிவப்பு மை | 4 மார்ச், இரவு 11.02

தீராது. பதிவேட்டில் முதல் ஆள்தான் வருவார். இரண்டு, மூன்று, நாலு வெளியே நிற்பார்கள்.

இங்கிலாந்தின் சோதனை முறை எப்படி வந்தது என்பது இதற்கு நல்ல பாடம். 2002ல் சோஹம் என்ற ஊரில் இரண்டு 10 வயதுச் சிறுமிகளைக் கொன்றவன் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் பராமரிப்பாளன். வேலைக்குச் சேர்ந்தபோது பதிவு சுத்தம். ஆனால் 1995 முதல் 1999 வரை வேறொரு வட்டாரத்தில் அவன்மீது பாலியல் புகார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை. அந்த வட்டாரக் காவல்துறை விவரங்களைச் சரியாக வைத்திருக்கவில்லை, இந்த வட்டாரத்துக்குத் தகவல் வரவில்லை. 2004ல் பிச்சர்டு விசாரணை அறிக்கை கை வைத்த இடம் அதுதான்: தண்டனை மட்டும் பார்த்தால் போதாது, தகவல் ஓரிடத்தில் சேர வேண்டும்.

சிவப்பு மை | 5 மார்ச், காலை 6.50

நேற்று எழுதியதற்கு ஒரு வால். அதே நாட்டில் 2006 ஜனவரியில் இன்னொன்று வெடித்தது. நார்விச் ஊர்ப் பள்ளியில் விளையாட்டாசிரியர் ஒருவர் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருந்தார். ஆனாலும் கல்வி அமைச்சே பார்த்து, ஆபத்தில்லை என்று முடிவெடுத்து அனுமதித்திருந்தது. அவர் மீதிருந்தது தண்டனை அல்ல, ஆபாசப் படங்கள் தொடர்பான காவல்துறை எச்சரிக்கை. அமைச்சர் ரூத் கெல்லி நாடாளுமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே புதுச் சட்டம் வந்தது. யாரைத் தடுப்பது என்ற முடிவு அமைச்சர் கையிலிருந்து நிபுணர் குழுவிடம் போனது.

ராஜன், கவனியுங்கள். பதிவேடு இருந்தது, பேர் அதில் இருந்தது, ஆள் வகுப்பில் இருந்தார்.

அப்பீல் | 5 மார்ச், காலை 9.30

எச்சரிக்கை என்றதும் இரண்டு நாட்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இங்கிலாந்தில் எச்சரிக்கை வாங்குபவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கடும் எச்சரிக்கை அப்படியில்லை. 2015ல் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அது அதிகாரிகளின் கருத்து. குற்றம் செய்தார் என்ற தீர்ப்பு ஆகாது, வாங்கியவரைச் சட்டப்படி கட்டவும் கட்டாது.

சிவப்பு மை | 5 மார்ச், மதியம் 12.45

இதைத்தான் இரண்டாம் ஆள் விஷயத்தில் சொல்ல வந்தேன், அப்பீல் முந்திக்கொண்டார்.

இதனால் நடைமுறையில் வரும் சிக்கல்: விண்ணப்பப் படிவத்தில் "குற்றத்தீர்ப்புப் பெற்றதுண்டா?" என்று இருந்தால், கடும் எச்சரிக்கை வாங்கியவர் "இல்லை" என்று எழுதலாம். பொய் இல்லை. நாலாம் ஆளும் எழுதலாம். அவரும் பொய் சொல்லவில்லை. கழிந்துபோன பதிவு உள்ளவரும் எழுதலாம்: 3 மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம், அதன்பின் 5 ஆண்டு சுத்தமாக இருந்தால் பதிவு கழிந்ததாகிவிடும். குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள கடுமையான குற்றங்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

ஆக, பாதி நிலையங்கள் கேட்கும் அந்த ஒற்றைக் கேள்வி ஓட்டைச் சல்லடை. கேட்க வேண்டியவை:

"பிள்ளைகள் உள்ள இடத்தில் வேலை செய்தபோது உங்கள் நடத்தை பற்றி ஒழுங்கு விசாரணை நடந்ததா, முடிவு எதுவானாலும்?"

"அப்படி ஒரு விசாரணை நிலுவையில் இருக்கும்போது அல்லது வரும் என்று தெரிந்தபோது வேலையை விட்டீர்களா?"

"பாலியல் குற்றம் தொடர்பாகக் காவல்துறை உங்களை விசாரித்ததா, எச்சரித்ததா?"

கீழே ஒரு வரி: தவறான பதில் தெரியவந்தால் வேலை ஒப்பந்தம் அப்போதே முடியும். கையெழுத்து, தேதி. பொய் சொல்பவர் இதற்கும் பொய் சொல்வார்தான். ஆனால் பிறகு வெளியே அனுப்ப அந்தத் தாள் போதும்.

ஈசூன் கமலி | 5 மார்ச், இரவு 9.10

பழைய நிலையத்தைக் கூப்பிட்டுக் கேட்டால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்கிறார்களாமே?

சிவப்பு மை | 5 மார்ச், இரவு 10.25

எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டத்தைக் காட்டுவது இப்போது ஒரு பழக்கம். கோப்பிக்கடையில் சீனி எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டால்கூடக் காட்டுவார்கள் போலிருக்கிறது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மதிப்பீட்டு நோக்கம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் வேலைக்குத் தகுதியா என்று பார்ப்பது அதற்குள் வரும், அவர் சம்மதம் வேண்டாம். அவதூறு வழக்கு வரும் என்பது அடுத்த சாக்கு. நல்லெண்ணத்தோடு, உரிய ஆளிடம், உண்மை என்று நம்பிச் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வஞ்சம் இருந்தால் போய்விடும்.

மறுபக்கமும் உண்டு. 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு காப்புறுதி முகவர் வழக்கில், முன்னாள் ஊழியர் பற்றிச் சான்று சொல்பவர் கவனத்தோடு சொல்லக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பளித்தது. பாதி உண்மையைச் சொல்லி ஆளைப் பற்றித் தப்பான படம் வரையக்கூடாது. ஆகவே கோப்பில் இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்: "இந்தத் தேதியில் புகார் வந்தது, விசாரணை முடியுமுன் விலகினார்." ஊகம் வேண்டாம்.

கேட்பவர்களுக்கு மூன்று விஷயம். விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி எண்ணைக் கூப்பிடாதீர்கள், அது அவருடைய நண்பராக இருக்கலாம். அந்த நிலையத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். கடைசி கேள்வி இதுவாக இருக்கட்டும்: "அவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?" பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தை நேரம் பாருங்கள். மூன்றாவது, வேலை வரலாற்றை மாதத்தோடு வாங்குங்கள். "2018–2020" என்றால் 36 மாதமும் ஆகலாம், 2018 டிசம்பரில் சேர்ந்து 2020 ஜனவரியில் விட்ட 14 மாதமும் ஆகலாம். 22 மாதம் ஒரு கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

சிவப்பு மை | 6 மார்ச், காலை 7.05

அமெரிக்கர்கள் இந்த நாலாம் ஆள் விவகாரத்துக்குக் "குப்பையைக் கைமாற்றுவது" என்று பேரே வைத்துவிட்டார்கள். பள்ளி சத்தமில்லாமல் அனுப்பும், அடுத்த ஊர்ப் பள்ளி ஆரத்தி எடுத்து வரவேற்கும். பென்சில்வேனியா 2014ல் சட்டம் போட்டது: பழைய வேலையிடங்கள் எழுத்தில் பதில் தர வேண்டும், புகாரை மறைக்கும் ஒப்பந்தம் செல்லாது. 2015ல் மத்தியக் கல்விச் சட்டமும், இப்படிப்பட்டவருக்கு அடுத்த வேலை வாங்கிக்கொடுக்கப் பள்ளிகள் உதவக்கூடாது என்றது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் வேறு வழியில் போனது. 1999 முதலே, ஊழியர் மீது இப்படிப் புகார் வந்தால் அமைப்பு வெளி மேற்பார்வையாளரிடம் தெரிவித்தாக வேண்டும். ஆள் ராஜினாமா செய்தாலும் தகவல் அங்கே தங்கும். நமக்கு இதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொதுப் பதிவேடு தேவையில்லை. ராஜினாமா கடிதத்தால் அழியாத ஒரு கோப்பு வேண்டும்.

கெத்தே | 6 மார்ச், பிற்பகல் 3.40

16 வயது தாண்டி, இருவருக்கும் விருப்பம் என்றால் ஆசிரியர் ஆனாலும் குற்றமில்லையே? ஒழுக்கக் கேடு, அவ்வளவுதான்.

அப்பீல் | 6 மார்ச், மாலை 5.15

பழைய சட்டத்தில் இருக்கிறீர்கள். 1 ஜனவரி 2020 முதல் 16 வயதுக்கு மேல் 18க்குக் கீழ் உள்ளவருடன் சுரண்டும் உறவில் இருந்துகொண்டு பாலியல் தொடர்பு வைத்தால் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 376ஏஏ பிரிவு. ஆசிரியர், பயிற்றுநர் என்றால் அது சுரண்டும் உறவு என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு. தொடுவதற்கு முன்கட்டமான ஆசைகாட்டி நெருங்குதல், பாலியல் செய்தி அனுப்புதல் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு.

சிவப்பு மை | 6 மார்ச், இரவு 10.00

கெத்தே சொன்ன "இருவருக்கும் விருப்பம்" என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது, அதனால் அப்பீல் எழுதியதை இரண்டு தடவை படியுங்கள். மதிப்பெண் போடுபவர், சான்றுக் கடிதம் எழுதுபவர், இணைப்பாட நடவடிக்கையில் யாரை அணியில் சேர்ப்பது என்று முடிவெடுப்பவர். அவரிடம் 17 வயதுப் பிள்ளை "வேண்டாம்" என்று சொல்ல என்ன விலை கொடுக்க வேண்டும்? நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று: மாதா பிதாவுக்கு அடுத்து, தெய்வத்துக்கும் முன்னால் அவரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

18 முடிந்தால் சட்டம் விலகும், ஒழுங்கு விதி விலகாது. தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பலர் படிக்கும்போதே 18 தொடுகிறார்கள். பிறந்தநாளுக்கு மறுநாள் ஆசிரியர் சுத்தமாகிவிடுவதில்லை.

பழைய வாத்தி | 7 மார்ச், காலை 8.00

மானபங்கம் என்றே நம் செய்திகளில் போடுகிறார்கள். யார் மானம் பங்கமாயிற்று? கை நீட்டியவன் மானம்தானே போக வேண்டும்?

சிவப்பு மை | 7 மார்ச், காலை 8.20

அண்ணன், முழு மதிப்பெண். "தகாத உறவு" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 13 வயதுப் பிள்ளையிடம் பெரியவர் செய்த குற்றத்தை அப்படி எழுதினால், உறவில் இருவர் பங்கும் இருந்தது போலாகிறது. தலைப்பில் இடம் குறைவு என்பார்கள். "வன்கொடுமை" என்று போட அதே இடம் போதும்.

மானபங்கத்துக்கு அதிகபட்சச் சிறை 2022 மார்ச்சிலிருந்து 3 ஆண்டு, முன்பு 2. ஆள் ஆசிரியராக இருந்து நம்பிக்கையை மீறியிருந்தால் தண்டனையைக் கூட்டும் காரணமாக நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளும்.

சிவப்பு மை | 9 மார்ச், இரவு 9.30

தனிமடலில் கேட்ட சிலருக்குப் பொதுவில் பதில். பிள்ளை வந்து ஏதோ சொல்லிவிட்டது. பெற்றோரோ நிலையமோ முதல் 24 மணி நேரத்தில் கெடுக்கும் இடங்கள்:

கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளையின் வாயில் சொல்லைப் போடுவதுதான் பெரிய கெடுதல். அம்மா கேட்டு, அப்பா கேட்டு, சித்தி கேட்டு, நிலைய நிர்வாகி கேட்டு, ஐந்தாவதாகக் காவலதிகாரி கேட்கும்போது வாக்குமூலம் ஐந்து விதமாக இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதில்தான் உட்காருவார். "என்ன நடந்தது, சொல்லு" என்று ஒரே தடவை. "அங்கே தொட்டாரா?" என்று நீங்கள் முன்மொழியக்கூடாது. பிள்ளை சொன்ன அதே சொற்களில், நேரத்தோடு எழுதிவையுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னால் கலந்தே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

அடுத்தது கைப்பேசி. டெலிகிராமில் ஒருவர் தன் பக்கத்திலிருந்தே உரையாடல் முழுவதையும் இரு பக்கமும் அழிக்க முடியும், எத்தனை நாள் ஆனாலும். ஆகவே ஆசிரியருக்குத் தகவல் போகுமுன் சான்றை எடுக்க வேண்டும். அதன் ரகசிய அரட்டையில் திரையைப் படம் பிடித்தால் சில பேசிகளில் மறுமுனைக்குத் தெரிந்துவிடும், சிலவற்றில் பிடிக்கவே விடாது. இன்னொரு பேசியால் திரையைப் படமெடுங்கள், எண்ணும் தேதியும் தெரியும்படி. பிள்ளையின் பேசியைத் துடைக்காதீர்கள், பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். அந்த மெசேஜைப் பார்த்தாலே எரிகிறது என்று அழித்துவிட்டு வருபவர்கள் நிறைய.

உடல்ரீதியாக ஏதாவது நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், போட்டிருந்த உடையைத் துவைக்காமல், காகிதப் பையில். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். காவல்துறைக்கு நேராகப் போங்கள். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் வன்முறை, பாலியல் தொல்லைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000.

காலம் கடந்துவிட்டதே என்று விடாதீர்கள். சிங்கப்பூரில் குற்ற வழக்குக்குக் காலக்கெடு இல்லை.

தெம்பனீஸ் ராஜன் | 9 மார்ச், இரவு 10.12

வாட்ஸ்அப் குழுவில் பேரும் படமும் போட்டுவிட்டால் நூறு பெற்றோருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு இத்தனை வேலையா?

சிவப்பு மை | 9 மார்ச், இரவு 10.50

அரை நிமிடத்தில் அவருக்கும் தெரிந்துவிடும், டெலிகிராம் துடைக்கப்படும். துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தில் அடையாள விவரங்களைப் பரப்பித் தொல்லை தருவது 2020 முதல் குற்றம், அவதூறு தனி. அதைவிடப் பெரிது: ஆசிரியர் யார், எந்த வகுப்பு என்று தெரிந்தால் பிள்ளை யார் என்று வகுப்பே கண்டுபிடித்துவிடும். சில தீர்ப்புச் செய்திகளில் ஆசிரியர் பேர் வராதது அவரைக் காப்பாற்ற அல்ல. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது. புகார் கொடுத்த நேரத்திலிருந்தே அந்தத் தடை உண்டு.

பழைய வாத்தி | 10 மார்ச், காலை 7.45

நிலையத்தை நடத்துபவர் பக்கமும் எழுதுங்கள். புகார் வந்த அன்று மாலை வகுப்பு இருக்கும்.

சிவப்பு மை | 10 மார்ச், மதியம் 1.15

அன்று மாலை வகுப்பு அவருக்கு இல்லை. காரணம் கேட்டால் "விசாரணை இருக்கிறது, விவரம் பிறகு". அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

வேலைச் சட்டம் 14ஆம் பிரிவு: விசாரணைக்காக ஒரு வாரம் வரை பணியிடை நீக்கம், குறைந்தது பாதிச் சம்பளம். ஒரு வாரத்தில் காவல்துறை விசாரணை முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதன்பிறகு சம்பளத்தோடு பிள்ளைகள் இல்லாத வேலைக்கு மாற்றுங்கள், பாடத்தாள் தயாரிப்பது போல. அல்லது முழுச் சம்பளத்தில் வீட்டில். காசு போகிறதே என்றால், தப்பாக நீக்கினார்கள் என்று அவர் வேலைத் தகராறுகளைப் பார்க்கும் டாடெமுக்குப் (TADM) போனாலும் காசு போகும். வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் அவர் போகலாம். மணிக்கணக்கில் கூலி வாங்கும் சுயதொழில் ஆசிரியர் என்றால் வேலைச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

நிலையமே துப்பறியக்கூடாது. பிள்ளையையும் ஆசிரியரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் "பேசித் தீர்ப்பது" வேண்டவே வேண்டாம். அது சமரசக் கூட்டம் அல்ல, சாட்சியைக் கெடுக்கும் கூட்டம்.

ராஜினாமா கடிதம் நீட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பதிலில் எழுதுங்கள்: "இந்தத் தேதிப் புகார் தொடர்பான விசாரணை தொடரும்." இந்த ஒரு வரியால் நாலாம் ஆள் மூன்றாம் ஆளாகிறார்.

கதவுக்குக் கண்ணாடி போடுகிறார்கள், நல்லது. பிறகு அதன்மேல் கால அட்டவணையை ஒட்டுகிறார்கள்.

கெத்தே | 11 மார்ச், இரவு 8.30

நாலு பேர் கணக்கில் ஐந்தாவது ஆளை விட்டுவிட்டீர்கள். குற்றமே செய்யாதவர். விடுதலையானவர்.

சிவப்பு மை | 12 மார்ச், அதிகாலை 12.20

விட்டுவிட்டேன். 3ஆம் தேதிக் குறிப்பில் எனக்கு இருந்த தெம்பு இப்போது இல்லை.

இரண்டு வகை என்னை உறுத்துகிறது. முதலாவது கெத்தே சொன்னவர். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், வேலையிட விசாரணைக்கு அவ்வளவு தேவையில்லை. நிரூபணமாகவில்லை என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. ஆனால் அந்த இடைவெளியை வைத்து ஒரு மனிதரை ஆயுளுக்கும் சந்தேகத்தில் நிறுத்துவதும் அக்கிரமம். என் படிவத்தின் முதல் கேள்வி "முடிவு எதுவானாலும்" என்கிறது. ஆகவே நிரபராதியும் "ஆம்" எழுத வேண்டும். "ஆம்" என்றால் உடனே குப்பைக்கூடை என்று நிலையம் நடந்துகொண்டால் அடுத்தவர் பொய் சொல்லக் கற்றுக்கொள்வார். "ஆம்" என்றால் உட்காரவைத்துக் கேட்க வேண்டும், காகிதம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: 20 வயதில் ஒருவர் சக மாணவியை ரகசியமாகப் படமெடுத்துத் தண்டனை பெற்றார். இப்போது 38. முன்னாள் கைதிகளுக்கான மஞ்சள் நாடா இயக்கம் 2004 முதல் மறுவாய்ப்பு என்று சொல்லிவருகிறது, நானும் அதை நம்புகிறேன். அவர் கணக்காளராகட்டும், பாடநூல் எழுதட்டும், பெரியவர்களுக்கு இரவு வகுப்பு எடுக்கட்டும். 14 வயதுப் பிள்ளைகளோடு முகாமுக்குப் போகும் வேலை மட்டும் வேண்டாம் என்பது தண்டனை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கண் பார்வை குறைந்தவருக்குப் பேருந்து ஓட்ட அனுமதி இல்லை, அதுபோல என்று எழுத வந்தேன். சரியான உவமை இல்லை. பார்வை குறைந்தவர் எதுவும் செய்யவில்லை.

இதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. மாணவர் பாதிக்கப்பட்ட வழக்கில் வந்துவிட்டேன்: இல்லை, எப்போதும் இல்லை.

ஈசூன் கமலி | 12 மார்ச், காலை 10.05

நான் எழுதிய "பேர் அடிபட்ட" என்பதை எடுத்துவிடுகிறேன். ஆனால் விளையாட்டுப் பயிற்றுநர், நடன ஆசிரியர் எல்லாம் எங்கே வருகிறார்கள்?

சிவப்பு மை | 12 மார்ச், மதியம் 12.50

நல்ல இடம். பள்ளிக்குள் வரும் பயிற்றுநர்கள் பலர் பள்ளியின் ஊழியர் இல்லை, ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் ஆட்கள். தேசியப் பயிற்றுநர் பதிவேட்டில் இருக்கிறாரா என்று கேட்கலாம். ஆள் மாறும்போதுதான் ஓட்டை விழும்: வழக்கமானவருக்குக் காய்ச்சல், பதிலுக்கு ஒருவர் வருகிறார், அவரை யாரும் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தில் "பதில் ஆள் உட்பட" என்று எழுதுங்கள். சட்டத்தில் பயிற்றுநர், ஆசிரியர் வித்தியாசம் இல்லை, அப்பீல் மேலே சொன்னபடி.

நடனமும் சங்கீதமும் வீட்டுக் கூடத்தில் நடப்பவை. 10 பேர் கோட்டுக்குக் கீழேதான் பாதி. தொட்டுத் திருத்தும் கலைகள் வேறு. முதல் நாளே "எங்கே தொடுவேன், ஏன், கேட்டுவிட்டுத்தான்" என்று பெற்றோர் முன்னால் சொல்லும் ஆசிரியரிடம் விடுங்கள். கேள்வி கேட்டால் கோபிக்கிறவரிடம் வேண்டாம்.

சிவப்பு மை | 15 மார்ச், காலை 9.00

படிவத்தை அச்சடிக்கப் போகிறோம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பொறுங்கள், திருத்தம் இருக்கிறது. மூன்றாம் கேள்வியில் நாட்டைச் சொல்லவில்லை. ஜோகூரில் நடத்திவிட்டு வந்தவரும் சென்னையில் நடத்திவிட்டு வந்தவரும் "இங்கே இல்லை" என்று நினைத்து "இல்லை" போடுவார்கள். "சிங்கப்பூரிலோ வேறு எந்த நாட்டிலோ" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பேர், முன்பு வைத்திருந்த பேர்களும்.